பழைய நோக்கியாவில் செக்யூரிட்டி கோடு மறந்துவிட்டதா?

அலமாரியில் கிடந்த அப்பாவின் பழைய பட்டன் நோக்கியாவை சார்ஜ் போட்டு எடுத்தால், செக்யூரிட்டி கோடு கேட்டு நிற்கும். பதற வேண்டாம். முதலில் 12345 போட்டுப் பாருங்கள். கம்பெனி வைத்து அனுப்பும் எண் அதுதான். நம்மில் பலர் அதை மாற்றியிருக்கவே மாட்டோம். திறக்கவில்லையா? கண்டபடி எண்களை அழுத்தாதீர்கள். பல மாடல்களில் ஐந்து முறை தவறினால் 5 நிமிடம் எந்த எண்ணையும் ஏற்காது. அதுவரை பொறுங்கள்.

அப்புறம், திரையில் கேட்பது சிம்மின் பின் நம்பரா என்று நன்றாகப் பாருங்கள். அது வேறு. மூன்று தடவை தவறினால் 8 இலக்க பக் கோடு (PUK, பூட்டிய சிம்மைத் திறக்கும் எண்) கேட்கும். அதைப் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம்மே போய்விடும். பக் கோடை சிம் கம்பெனியிடமே கேட்டு வாங்குங்கள்.

எதுவும் சரிவரவில்லை என்றால் பில்லோடு சர்வீஸ் கடைக்குப் போங்கள். ஆனால் ரீசெட் செய்தால் போனில் உள்ள படங்களும் மெசேஜ்களும் அழியக்கூடும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.