சீமைக் கருவேலம் மண்டிய நிலத்தை மினி டிராக்டரால் திருத்துவது எப்படி?

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் நாலைந்து வருடம் உழாமல் போட்ட நிலத்தில் சீமைக் கருவேலம் ஏறாமல் இருக்காது. நான்கு சக்கரமும் இழுக்கும் 24 முதல் 28 குதிரைத்திறன் மினி டிராக்டர் ஒன்று இருந்தால் ஓரிரு ஏக்கரைப் படிப்படியாகத் திருப்பி எடுத்துவிடலாம். ஆனால் இந்த மரத்தை வெட்டுவது பெரிய வேலை இல்லை, வேரோடு கூடிய அடிக்கட்டையான தூரை எடுப்பதுதான் வேலை. துளிர் விடும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் கழுத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. தரையோடு வெட்டினால் ஒரு மரம் நின்ற இடத்தில் ஐந்தாறு கிளம்பும். மண்ணுக்குள் ஒரு அடி ஆழத்தில் வேரை அறுத்துத் தூரை வெளியே எடுத்தால்தான் அந்த மரத்தின் கணக்கு முடியும்.

மினி டிராக்டரின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். மணிக்கட்டுப் பருமன் உள்ள செடியை நேராகவே பிடுங்கிவிடும். கெண்டைக்கால் பருமன் என்றால் சுற்றிலும் தோண்டி, பக்க வேர்களை வெட்டிய பிறகே வரும். தொடைப் பருமனுக்கு மேல் போனால் ஜேசிபியைக் கூப்பிடுங்கள். பெரிய மரங்களை மட்டும் எண்ணிக் குறி போட்டு வைத்து, ஒரே நாளில் மணிக் கணக்கில் முடித்துக்கொள்வது டிராக்டரின் கிளட்சைத் தேய்ப்பதைவிட மலிவு. வேளாண் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியாக வாடகைக்குப் பதிவு செய்யலாம்.

1. நடந்து பாருங்கள்

வண்டியை இறக்கும் முன் நிலம் முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். புதருக்குள் மறைந்த பழைய கிணறு, எல்லைக்கல், அறுந்து கிடக்கும் முள்கம்பி, போர் குழாய், கரையான் புற்று எல்லாவற்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு என்றால் குறைந்தது 20 அடி தள்ளிக் கோடு போடுங்கள். பக்கச் சுவர் சரிந்திருக்கும், மேலே மண் மட்டும் நிற்கும். மேலே போகும் மின்கம்பியின் உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலம் முக்கியம். கோடை மழை ஒன்று பெய்து, மண் ஈரமாக, ஆனால் காலில் ஒட்டாமல் இருக்கும் நாட்கள்தான் தூர் எடுக்க ஏற்றவை. காய்ந்த கரிசலில் இழுத்தால் வேர் பாதியில் அறுந்து, கழுத்து உள்ளேயே நின்றுவிடும். நனைந்த கரிசலில் சக்கரம் புதையும்.

2. வண்டியைத் தயார் செய்தல்

ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ஏர் கிளீனர் மூன்றையும் தினமும் பாருங்கள். புதர் வேலையில் ரேடியேட்டர் வலையில் இலையும் பஞ்சும் படிந்து அடைத்துக்கொள்ளும். வெப்பமானி முள் ஏறத் தொடங்கினாலே நிறுத்தித் துடைக்க வேண்டும். முன்பக்க எடைக்கற்களைக் கழற்றி வைக்காதீர்கள். இருக்கைக்குப் பின்னால் பாதுகாப்பு வளைவு இருக்கும் வண்டியில் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். வளைவு இல்லாத வண்டிக்கு பெல்ட் வேண்டாம்.

பஞ்சர்தான் இந்த வேலையின் நிரந்தரத் தொல்லை. முள் கிளையைவிட மோசம் சாய்வாக வெட்டிய கட்டை. ஈட்டி முனை மாதிரி டயரின் பக்கச் சுவரில் ஏறும், அதை ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது. வெட்டு எப்போதும் சமமாக இருக்கட்டும்.

3. மேல்மரத்தை எடுத்தல்

விறகு வியாபாரிகளும் கரிமூட்டம் போடுகிறவர்களும் மரத்துக்காகவே வெட்டிக்கொண்டு போவார்கள். பேசும்போதே "மூணு அடி கட்டை விட்டு வெட்டணும், முள்ளை ஒரே இடத்துல குவிக்கணும்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தரையோடு வெட்டிப் போய்விடுவார்கள். அப்புறம் சங்கிலி மாட்டப் பிடி இருக்காது. மூன்றடிக் கட்டை தூரை அசைக்க நெம்புகோலாகும், வண்டி ஓட்டும்போது கண்ணிலும் படும்.

டிராக்டரின் பின்னால் மாட்டிப் புதர் வெட்டும் ஸ்லாஷரைப் புல், பார்த்தீனியம், உண்ணிச்செடிக்கு மட்டும் வையுங்கள். கருவேலத்தில் ஓட்டினால் அன்றைக்குச் சுத்தமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு குச்சியும் கூரான கட்டையாக நிற்கும், அடுத்த மழையில் இரண்டு மடங்காகத் துளிர்க்கும்.

4. தூர் பிடுங்குதல்

8 மி.மீ. தடிமனில் எண்பதாம் கிரேடு சங்கிலி 5 மீட்டர் வாங்குங்கள். அது 2 டன் வேலைச்சுமை தாங்கும். நைலான் கயிறு வேண்டாம். இழுபட்டு நீண்டு, அறுந்தால் ஓட்டுநரின் முதுகை நோக்கித்தான் வரும்.

கட்டையைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளி, ஒரு அடி ஆழத்துக்கு மண்வெட்டியால் பள்ளம் எடுங்கள். தெரிகிற பக்க வேர்களைக் கோடரியால் வெட்டுங்கள். சங்கிலியைக் கட்டையில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் சுற்றி, மறுமுனையை டிராபாரில், அதாவது வண்டியின் பின்னால் அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில் மாட்டுங்கள்.

டிராபார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவிகளை மேல்பக்கம் பிடிக்கும் டாப் லிங்கிலோ, பின் அச்சுக்கு மேலோ சங்கிலியைக் கட்டி இழுத்தால், தூர் அசையாதபோது சக்கரத்துக்குப் பதில் வண்டியே அச்சைச் சுற்றித் திரும்பும். முன்சக்கரம் எழும்பி டிராக்டர் ஓட்டுநர் மேல் மல்லாந்து விழ ஒன்றரை நொடி போதும். கிளட்சை மிதிக்க மூளை சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சங்கிலி மாட்டும் இடம் பின் அச்சைவிடத் தாழ்வாக இருந்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

லோ கியரில் முதல் கியர், எஞ்சின் 1500 சுற்று. முதலில் மெதுவாக நகர்ந்து சங்கிலியின் தொய்வை எடுங்கள், பிறகு இழுங்கள். பின்னால் வந்து வேகமாக ஓடி வெடுக்கென்று இழுப்பது கூடவே கூடாது. ஒரு டன் வண்டி அப்படி இழுக்கும்போது சங்கிலியில் ஏறும் சுமை வண்டியின் எடையைப் போல் பல மடங்கு. சக்கரம் வழுக்கினாலோ முன்பக்கம் லேசானது போல் தெரிந்தாலோ உடனே நிறுத்தி, இறங்கி, இன்னொரு வேரை வெட்டுங்கள். இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கை நேராகப் போகும்போது மட்டும் மிதிக்கலாம்; திருப்பும்போது மிதித்தால் கியர் உடையும். இழுக்கும் நேரத்தில் சங்கிலியின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது.

வெளியே வந்த தூரைத் திருப்பிப் பாருங்கள். கழுத்துப் பகுதியும் அதன் கீழ் ஒரு சாண் வேரும் சேர்ந்து வந்திருந்தால் சரி. பட்டை மட்டும் உரிந்து வந்திருந்தால் பள்ளத்தில் மிச்சம் இருக்கிறது.

5. கல்டிவேட்டர், பிறகுதான் ரோட்டவேட்டர்

ஸ்பிரிங் வைத்த 5 கொத்துக் கலப்பையை (கல்டிவேட்டர்) 5 அங்குல ஆழத்தில் ஒரு தடவை நீளவாக்கில், ஒரு தடவை குறுக்கே ஓட்டுங்கள். மறைந்த வேர் மாட்டினால் ஸ்பிரிங் பின்வாங்கி விட்டுக்கொடுக்கும். ஸ்பிரிங் இல்லாத கலப்பை வளைந்துபோகும். ஒவ்வொரு தடவைக்குப் பின்னும் ஆள் விட்டு வேர் பொறுக்குங்கள்.

பொறுக்காத நிலத்தில், சுழலும் பிளேடுகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை இறக்கினால் வேர் தண்டில் கயிறாகச் சுற்றும், பிளேடு மடங்கும், ஷியர் போல்ட் அறும். அந்த போல்ட் அறுவதற்காகவே வைத்தது. அதற்குப் பதில் கெட்டியான போல்ட்டைப் போட்டால் அடுத்து உடைவது கியர்பாக்ஸ்.

சுற்றிய வேரை எடுக்கும் முன் பிடிஓவை (எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கச் சுழல் இணைப்பு) நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. தோளில் கிடக்கும் துண்டின் நுனி பட்டால் உதறிவிட நேரம் கிடைக்காது. வேட்டி, துண்டு, தொங்கும் முந்தானை எதுவும் அந்தத் தண்டின் பக்கம் போகக்கூடாது. பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் புதிது மாட்டிவிட்டு ஓட்டுங்கள்.

6. வேலிக்குக் குழி

கல்தூண் ஊன்ற 9 அங்குலத் துளைக்கருவி, இரண்டடி ஆழம், எட்டு முதல் பத்தடி இடைவெளி. குறைந்த சுற்றில், அரை அடி இறங்கியதும் தூக்கி மண்ணை உதறி மறுபடி இறக்குங்கள். ஒரே மூச்சில் இறக்கினால் திருகாணி போல மண்ணுக்குள் ஏறிக்கொள்ளும், ஹைட்ராலிக்கால் தூக்க முடியாது. அப்படிச் சிக்கினால் எஞ்சினை அணைத்து, பெரிய பைப் ஸ்பேனரால் தண்டை எதிர்ப்பக்கம் திருப்பி வெளியே எடுக்க வேண்டும்.

7. மறுதுளிர்

முதல் மழைக்கு ஒரு மாதம் கழித்து நிலத்தைச் சுற்றுங்கள். கொத்தாகத் துளிர்த்திருந்தால் அது விடுபட்ட தூர், கடப்பாரை வேண்டும். தனித்தனியாக, இரண்டு இலையோடு நின்றால் விதையில் முளைத்தது. ஈரத்தில் கையாலேயே வந்துவிடும். விதை மண்ணில் பல வருடம் கிடக்கும். கருவேலங்காய் தின்ற ஆட்டின் புழுக்கையிலும் முளைக்கும் நிலையிலேயே வரும். அதனால் நிலத்தில் ஆட்டுக் கிடை போடுகிறவர்களிடம் மந்தை அதற்கு முன் எங்கே மேய்ந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.