ட்ரிஸ் பஃபர்: குளிர் அறைக்குப் போனதும் மாறிவிடும் பிஎச்

ட்ரிஸ் என்பது உயிர்வேதி ஆய்வகங்களில், கரைசலின் பிஎச் (அமில-கார அளவு) எளிதில் மாறாமல் தாங்கிப் பிடிக்கச் சேர்க்கும் பஃபர். பாட்டிலில் 'ட்ரிஸ், பிஎச் 8.0' என்று எழுதி ஒட்டியிருக்கும். எந்த வெப்பநிலையில் அது 8.0 என்பது அதில் எழுதியிருக்காது. ட்ரிஸ் விஷயத்தில் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு டிகிரி சூடு ஏறினால் ட்ரிஸின் பிஎச் ஏறக்குறைய 0.028 இறங்கும். 25 டிகிரியில் 8.0 வைத்த கரைசல், 4 டிகிரி குளிர் அறையில் 8.6 ஆகிவிடும், 37 டிகிரி இன்குபேட்டரில் 7.7 பக்கம் இறங்கிவிடும். சமமின் புள்ளி (புரதத்தின் நிகர மின்னூட்டம் சுழியாகும் பிஎச்) 8.2 உள்ள புரதம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் அறையில் அது எதிர்மின்னூட்டம் பெற்று நேர்மின் ரெசினில் (புரதங்களைப் பிரிக்கும் குழாயில் நிரப்பிய மணிகளில்) ஒட்டும். அதே பஃபரோடு அந்த ரெசின் குழாயை அறை வெப்பநிலையில் மேசை மேல் ஓட்டினால் ஒட்டாமல் வழிந்து போகும். ரெசின் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மாற்றிப் பயனில்லை.

ஆகவே, எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறோமோ அதே வெப்பநிலையில் பிஎச் வையுங்கள். மீட்டரில் தானியங்கி வெப்பத் திருத்தம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது மின்முனையின் சரிவை மட்டும் திருத்தும். கரைசலுக்குள் நடக்கும் மாற்றத்தை அது திருத்தாது.

ஒரு லிட்டர் 1 மோலார் ஸ்டாக்குக்கு (பின்னர் நீர்த்துப் பயன்படுத்தும் அடர்கரைசலுக்கு) 121.1 கிராம் ட்ரிஸ் பேஸ். ட்ரிஸ் ஹைட்ரோகுளோரைடு என்றால் 157.6 கிராம், டப்பாவின் லேபிளை ஒருமுறை படித்துவிட்டு எடை போடுங்கள். ட்ரிஸ் பேஸை 800 மில்லி நீரில் கரைத்து, 8.0-க்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 42 மில்லி ஊற்ற வேண்டியிருக்கும். ஃபியூம் ஹூடுக்குள் வைத்தே ஊற்றுங்கள். அமிலம் விழ விழ பீக்கர் கைக்குச் சூடாகத் தெரியும். அந்தச் சூட்டிலேயே 8.0 பார்த்து நிறுத்தினால், ஆறியபின் 8.3, 8.4 காட்டும். முக்கால்வாசி அமிலம் ஊற்றி, ஆறவிட்டு, மீதியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிஎச் சரியான பிறகே ஒரு லிட்டருக்கு நீர் நிரப்ப வேண்டும். அமிலம் கூடிப்போனால் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி மீட்காதீர்கள். உப்புச் செறிவு ஏறிவிடும். கொஞ்சம் ட்ரிஸ் பேஸ் தூளே போதும்.

புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லுக்கான ரன்னிங் பஃபரில் (25 மில்லிமோலார் ட்ரிஸ், 192 மில்லிமோலார் கிளைசின்) அமிலமே சேர்க்கக் கூடாது. தானாகவே 8.3 அளவில் நிற்கும். அமிலம் சேர்த்தால் குளோரைடு அயனிகள் புகுந்து, பட்டைகளை இறுக்கிக் கட்டும் ஸ்டாக்கிங் ஒழுங்கு குலையும்.

ட்ரிஸ் ஒரு முதல்நிலை அமீன் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அமீன்களோடு வினைபுரியும் என்எச்எஸ் எஸ்டர் சாயத்தைப் புரதத்தில் இணைக்கும்போது ட்ரிஸ் இருந்தால் சாயம் அதனோடுதான் முதலில் சேரும். புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் குளூட்டரால்டிஹைடும் அப்படியே. ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகளை முடக்க நீரில் இடும் டிஇபிசியையும் அது தின்றுவிடும் என்பதால், ஆர்என்ஏ வேலைக்கு டிஇபிசி இட்டு ஆட்டோகிளேவ் செய்த நீரில் பின்னர் ட்ரிஸைக் கரைப்பதே முறை.

ட்ரிஸ் நன்றாகத் தாங்கும் எல்லை, 25 டிகிரியில், பிஎச் 7 முதல் 9 வரை. குளிரில் இந்த எல்லையும் மேலே நகர்ந்துவிடும். ஆகவே குளிர் அறையில் 7.5 வேண்டுமென்றால் ஹெப்பிஸ் என்ற வேறு பஃபரை எடுங்கள். அதன் பிஎச் ஒரு டிகிரிக்கு 0.014 அளவே நகரும்.