மரம் வெட்டிய காட்டுக் கோர்ஸில் டிஸ்க் கால்ஃப் ஆடுவது எப்படி

டீ என்ற தொடக்க இடத்திலிருந்து தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து, முடிந்தவரை குறைந்த எறிகளில் கூடையில் போடுவதுதான் டிஸ்க் கால்ஃப். ஒரு டீயும் அதன் கூடையும் சேர்ந்தது ஒரு ஹோல். மரங்களை வெட்டிவிட்டார்கள், இனி கோர்ஸ் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். வெட்டிய புதிதில் பலருக்கும் ஸ்கோர், அதாவது எறிகளின் எண்ணிக்கை, ஏறத்தான் செய்கிறது. காடு அடர்ந்திருந்தபோது எங்கே எறிய வேண்டும் என்பதை மரங்களே முடிவு செய்துவிடும். இருப்பது ஒரே ஒரு சந்து, அதில் எறிந்தால் ஆயிற்று. இப்போது நாலு வழி தெரிகிறது. நாலில் எது என்று யோசிக்காமல், பையிலிருக்கும் மிக வேகமான டிரைவரை (தூரம் எறிவதற்கான டிஸ்க்) உருவிக்கொண்டு டீயில் ஏறுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

நான் வலதுகை பேக்ஹேண்ட், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக வீசுபவன். முழு மூச்சாக எறிந்தாலும் 80 மீட்டரைத் தாண்டினால் பெரிய விஷயம். காட்டுக் கோர்ஸ் எனக்குப் பிடித்ததே, அங்கே பலம் கம்மியானவனுக்கும் பிழைப்பு உண்டு என்பதால்தான். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கையிலிருந்து வருவது. இடதுகை பேக்ஹேண்ட்காரர்களும் உள்ளங்கை முன்னால் வர வீசும் வலதுகை ஃபோர்ஹேண்ட்காரர்களும் இடம், வலம் என்று வரும் இடங்களை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கூடையிலிருந்து பின்னோக்கி நடங்கள்

எறிவதற்கு முன்னால் ஒருமுறை கோர்ஸை வெறுங்கையோடு நடந்து பாருங்கள், அதுவும் கூடையிலிருந்து டீயை நோக்கி. டீயில் நின்றால் கண்ணுக்குக் காலியிடம் மட்டும்தான் படும். கூடையடியில் நின்று பார்த்தால் டிஸ்க் எந்தப் பக்கமாக உள்ளே வர முடியும் என்பது புரியும். மிச்சமிருக்கும் மரங்களில் எந்த இரண்டுக்கு நடுவே டிஸ்க் போயே ஆக வேண்டும் என்று தேடுங்கள். அதுதான் வாசல். வெட்டிய பிறகும் பெரும்பாலான ஹோல்களில் ஒரு வாசல் இருக்கவே செய்யும். இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

வாசல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். 3 மீட்டர் அகலமுள்ள இடைவெளி டீயிலிருந்து 15 மீட்டரில் இருந்தால், நீங்கள் இரு பக்கமும் 5 டிகிரிக்குச் சற்று மேல் பிசகினாலும் டிஸ்க் உள்ளே போய்விடும். அதே இடைவெளி 60 மீட்டரில் இருந்தால் ஒன்றரை டிகிரிகூடப் பிசகக் கூடாது. ஆகவே டீக்குப் பக்கத்து மரங்களை வெட்டிவிட்டுத் தூரத்து மரங்களை விட்டிருந்தால், பார்வைக்கு ஹோல் திறந்துவிட்ட மாதிரி இருக்குமே தவிர, கடினமான வாசல் அப்படியே நிற்கிறது. தூரத்து மரங்கள் போய்ப் பக்கத்து மரங்கள் நின்றால், அந்த ஹோல் நிஜமாகவே சுலபமாகிவிட்டது. பழைய கோட்டிலேயே எறியுங்கள், டிஸ்க்கை மட்டும் ஒரு படி வேகமானதாக மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் கோர்ஸின் ஏழாவது ஹோலை எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கு எதிரே இரண்டு மரங்கள் காவல் நின்றன. மார்பு உயரத்தில் இரண்டிலும் பட்டை உரிந்து, டிஸ்க் பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆகியிருந்தது. வலது மரம் இப்போது இல்லை. அதற்காக எல்லோரும் நேராக, இன்னும் வேகமாக எறிகிறார்கள், கூடைக்கு முன்னால் இருக்கும் புதர் வரிசையில் போய் விழுகிறார்கள். வலது மரம் போனதால் கிடைத்த லாபம் வேகமில்லை, அகலம். டிஸ்க்கை வலப்பக்கம் விரித்து அனுப்பி ஹைசரில் (இடது விளிம்பைத் தாழ்த்தி எறிவது) இடப்பக்கமாக இறக்கினால் புதர் வரிசைக்கு வேலையே இல்லை.

ஒவ்வொரு ஹோலிலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: ஹைசர் கிடைக்கிறதா? அடர்ந்த காட்டில் நேராக மிதக்கும் எறிதான் கைகொடுக்கும், ஹைசருக்கு இடமிருக்காது. ஆனால் எல்லா எறிகளிலும் முன்கூட்டியே கணிக்கக்கூடியது ஹைசர்தான். டிஸ்க் எப்படியும் கடைசியில் இடப்பக்கம் சாயும், அந்தச் சாய்வோடு போவதால் அது உங்களை ஏமாற்றாது. மரம் வெட்டியதால் வந்த உண்மையான வரவு அதுதான் என்பேன்.

மேலேயும் பாருங்கள். கிளைக் கூரை போய் வானம் திறந்திருந்தால் உயரமாக எறியலாம், தலைக்கு மேல் வீசும் தமஹாக்கும் தம்பரும்கூட ஆடலாம். ஆனால் டீக்கு நேர் மேலே ஒரு கிளையை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள். கோர்ஸ் வடிவமைப்பாளர் வேண்டுமென்றே செய்ததா, ஏணி எட்டவில்லையா தெரியாது. எதுவானாலும் அண்ணாந்து பார்க்காமல் எறியாதீர்கள்.

காற்று

பழைய கோர்ஸில் ஆடியவர்களுக்குப் பழக்கமே இல்லாத விஷயம் இது. காட்டுக்குள் காற்று மேலே இலைகளோடு நின்றுவிடும். தரையில் அசைவிருக்காது. வெட்டிய இடத்தில் அது தரைவரை இறங்கி வருகிறது.

அடிப்படை இதுதான். எதிர்க்காற்றில் டிஸ்க் அண்டர்ஸ்டேபிள் ஆகிவிடும்: மேலே எழும்பி வலப்பக்கம் புரளும். பின்காற்றில் நேரெதிர்: மிதப்பு குறைந்து, சீக்கிரமே இடப்பக்கம் சாய்ந்து விழும். பக்கக்காற்றில், டிஸ்க்கின் எந்த முகம் காற்றுக்குக் காட்டப்படுகிறது என்று பாருங்கள். ஹைசரில் டிஸ்க்கின் இடது விளிம்பு தாழ்ந்திருக்கும். வலமிருந்து வரும் காற்று அதன் அடிப்பக்கத்தில் பட்டுத் தூக்கி, இடப்பக்கம் வெகுதூரம் கொண்டுபோய்விடும். இடமிருந்து வரும் காற்று மேற்புறத்தை அமுக்கித் தரையில் போட்டுவிடும்.

இதெல்லாம் திறந்தவெளி ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்த பாடம்தான். காட்டில் பாதி வெட்டிய கோர்ஸுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. டீ மரங்களுக்குள் இருக்கும், நடுவில் வெட்டவெளி, கூடை மறுபடி மரங்களுக்குள். டீயில் ஒரு புல்லைக் கிள்ளிப் போட்டால் நேராகக் காலடியில் விழும். காற்றே இல்லை என்று நினைப்பீர்கள். டிஸ்க் 30 மீட்டர் போனதும் காற்றுக்குள் நுழைகிறது, அதுவும் வேகம் குறையத் தொடங்கும் நேரத்தில். வேகம் குறைந்த டிஸ்க்கைத்தான் காற்று இஷ்டத்துக்கு ஆட்டும். ஆகவே புல் கிள்ளிப் போடுவதை விட்டுவிட்டு, வெட்டவெளியின் நடுவே இருக்கும் செடிகளையும், அதை ஒட்டிய மரங்களின் உச்சியையும் பாருங்கள். இரண்டும் வேறுவேறு திசையில் ஆடினால் ஆச்சரியப்படாதீர்கள். மரச்சுவரைத் தாண்டி வரும் காற்று அதன் பின்னால் சுழன்று இறங்கும். அப்படிப்பட்ட இடத்தில் தாழ்வான எறிதான் பாதுகாப்பு.

பையிலும் மாற்றம் வேண்டும். காட்டில் ஆடுபவர்கள் தேய்ந்த டிஸ்க்கைப் பொக்கிஷமாக வைத்திருப்பார்கள். மரத்தில் பட்டுப் பட்டு ஸ்டேபிலிட்டி (வலப்பக்கம் புரளாமல் தாங்கும் தன்மை) குறைந்த புட்டரும் (கிட்ட எறிவதற்கான டிஸ்க்) மிட்ரேஞ்சும் (நடுத்தரத் தூரத்துக்கானது) கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். அதே டிஸ்க் எதிர்க்காற்றில் புரண்டு படுத்துவிடும். அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கூடவே அதிகம் தேயாத, ஃபேட் எண் 3 அல்லது அதற்கு மேல் உள்ள ஒரு மிட்ரேஞ்சைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட் என்ற நான்கு எண்களில் கடைசி அது; எறியின் முடிவில் டிஸ்க் எவ்வளவு இடப்பக்கம் சாயும் என்பதைக் காட்டுவது. புது டிரைவர் வாங்க ஆசைப்படுபவர்கள் முதலில் இந்த மிட்ரேஞ்சை வாங்கலாம்.

தரை

நம்மில் பலர் ஃபேர்வேயை, அதாவது டீக்கும் கூடைக்கும் நடுவே உள்ள வழியை, கண் உயரத்தில் மட்டும் பார்க்கிறோம். வெட்டிய கோர்ஸில் ஸ்கோரைக் கெடுப்பது முழங்காலுக்குக் கீழே.

முதலில் அடிக்கட்டைகள். தரையோடு ஒட்டி அறுத்திருந்தாலும் ஒரு சாண் நிற்கும். சறுக்கி வரும் டிஸ்க் போகும் உயரமும் அதற்குள்தான். பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்லவே முடியாது. ஆகவே ரோலர் (தரையில் விளிம்பால் உருளவிடும் எறி) வேண்டாம், தரையோடு சறுக்கிக் கூடைக்குப் போகும் கணக்கும் வேண்டாம். சற்று உயரத்திலிருந்து மெதுவாக இறங்கி, விழுந்த இடத்திலேயே நிற்கும்படி எறியுங்கள்.

மரச்சில்லு பரப்பிய இடத்தில் டிஸ்க் மெத்தையில் போட்ட தட்டு மாதிரி அப்படியே உட்காரும். அங்கே துணிந்து கூடைவரை எறியலாம். இயந்திரம் ஏறி இறங்கிய இடம் வேறு. காய்ந்தால் சிமெண்ட் தரைபோல் இறுகி டிஸ்க்கை எகிற வைக்கும், மழை பெய்தால் டயர் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். ஒரே ஃபேர்வேயில் இந்த மூன்று தரையும் இருக்கலாம் என்பதால் பின்னோக்கி நடக்கும்போதே எது எங்கே என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

காலடியிலும் கவனம். ஓடிவந்து எறியும் பழக்கமுள்ளவர்கள், பின்னால் மூன்று எட்டு நடந்து களைகளுக்குள் கட்டை ஏதும் மறைந்திருக்கிறதா என்று காலால் தடவிப் பாருங்கள். சந்தேகமிருந்தால் நின்ற இடத்திலிருந்தே எறிவது நல்லது. தூரம் கொஞ்சம் குறையும், கணுக்கால் தப்பிக்கும்.

விதி என்ன சொல்கிறது? பிடிஜிஏ (தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கம்) விதிப்படி மரத்திலிருந்து முழுதாக முறிந்து விழுந்த கிளை, தளர்வான இலை, குப்பை ஆகியவை நீங்கள் கால் வைக்கும் இடத்தில் இருந்தால் விலக்கலாம். வேரோடு நிற்கும் அடிக்கட்டையை ஒன்றும் செய்ய முடியாது. பாதி முறிந்து இன்னும் மரத்தோடு ஒட்டியிருக்கும் கிளையையும் தொடக் கூடாது. உங்களுக்கும் கூடைக்கும் நடுவே கிடக்கும் கிளைக் குவியலை, வழியை மறைக்கிறது என்று இழுத்துப் போட முடியாது. காலடியில் கிடப்பது நகர்த்த முடியாத பெரிய தடி என்றால், கூடையிலிருந்து டிஸ்க் வழியாகப் பின்னால் போகும் நேர்கோட்டில், தடி தடுக்காத மிக அருகான இடத்துக்கு அபராதமில்லாமல் நகரலாம். நிற்கவே முடியாத இடமென்றால் ஓர் எறி அபராதத்தோடு அதே நேர்கோட்டில் பின்னால் போக எப்போதும் அனுமதி உண்டு. கிளைக் குவியலுக்குள் ஒற்றைக் காலில் நின்று வீரம் காட்டி இரண்டு எறியை வீணாக்குவதற்கு, அந்த ஓர் எறி மலிவு.

கூடைக்குப் பக்கத்தில் வந்த பிறகும் ஒரு விஷயம். முன்பு பின்னால் நின்ற மரங்களும் புதர்களும் தவறிய புட்டை (கூடையில் போடப் பார்க்கும் கிட்ட எறி) தடுத்து நிறுத்தின. இப்போது தடுப்பு இல்லை. சரிவில் நிற்கும் கூடையென்றால் டிஸ்க் விளிம்பில் உருண்டு கீழே போய்விடும். கூடையைச் சுற்றிய 10 மீட்டர் வட்டத்துக்கு வெளியே, சரிவை நோக்கி, எதிர்க்காற்றில் புட் செய்ய வேண்டியிருந்தால் நான் கூடையடியில் போட்டு அடுத்த எறியில் எடுத்துவிடுவேன். கூட ஆடுபவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அப்புறம், பின்னணியில் மரமில்லாத கூடையின் தூரத்தைக் கண்ணால் கணிப்பது கஷ்டம். சந்தேகமிருந்தால் எட்டு வைத்து அளந்துகொள்ளுங்கள்.

தேடுவதும் துடைப்பதும்

திறந்த இடத்தில் டிஸ்க் தொலையாது என்பது இன்னொரு கட்டுக்கதை. கழித்துப் போட்ட கிளைகளுக்கு அடியில் நழுவிப் போனால் கண்ணில் படவே படாது. விதிப்படி தேடக் கிடைப்பது 3 நிமிடம்தான். புது மரச்சில்லு மேல் வெள்ளையும் மஞ்சளும் மறைந்துவிடும், காய்ந்த இலைமேல் சிவப்பும் ஆரஞ்சும் மறைந்துவிடும். அடர் பிங்க் அல்லது நீலம் எல்லா இடத்திலும் ஓரளவு தெரியும். டிஸ்க் விழுந்த திசையில் அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு மரத்தை உடனே குறி வைத்துக்கொண்டு, அந்த நேர்கோட்டை விடாமல் நடந்து போங்கள். முடிந்தால் ஒருவரை முன்னால் பக்கவாட்டில் நிறுத்துங்கள்.

ஊசியிலை மரங்களை வெட்டியிருந்தால் அடிக்கட்டையில் பிசின் கசிந்துகொண்டிருக்கும். டிஸ்க் விளிம்பில் ஒட்டினால் விடும் நேரத்தில் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும், எறி வலப்பக்கம் போய்விடும். தண்ணீரில் கழுவினால் போகாது. ஆல்கஹால் உள்ள சானிடைசரைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். பையில் ஒரு சின்னப் புட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது ஆடக் கூடாது

வெட்டு வேலை நடக்கும்போது வேலி கட்டிய பக்கம் போகவே வேண்டாம். அடுக்கி வைத்த தடிகள்மேல் ஏறாதீர்கள், உருளும். விட்டுவைத்த மரங்களில் முறிந்த கிளை ஏதும் தொங்கவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே அவற்றின் அடியில் நில்லுங்கள். பலத்த காற்று நாட்களில் வெட்டிய எல்லையோரம் ஆட வேண்டாம். அங்கே நிற்பவை மற்ற மரங்களின் அணைப்பிலேயே வளர்ந்த மரங்கள். திடீரென்று முழுக் காற்றும் மேலே பட்டால் சில சாய்ந்துவிடும். முதல் சில வருடங்களில் அந்த ஆபத்து அதிகம்.

வெயில் தரையில் விழ ஆரம்பித்ததும் முட்செடியும் களையும் கிளம்பும், பல மரங்களின் அடிக்கட்டையிலிருந்து துளிர் வெடிக்கும். அடுத்த வளரும் பருவத்திலேயே இடுப்பு உயரம் வந்துவிடும். இன்றைக்குத் தரையோடு போகும் எறி அன்றைக்குப் புதரில் நிற்கும், இன்றைக்கு வாசல் என்று கண்டுபிடித்தது கொஞ்சம் ஒடுங்கும். ஆகவே இந்தப் பருவத்துக் கோட்டை மனப்பாடம் செய்துவிட வேண்டாம். துளிர் தோள் உயரம் வந்ததும் மறுபடி ஒருமுறை கூடையிலிருந்து டீக்கு நடந்து பாருங்கள், கையில் முள் குத்தாமலிருக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு.