வேறு துறைப் பாடத்தில் சேருவது எப்படி?

உயிரியல் மாணவி நிகழ்தகவு படிக்கலாம், பொறியியல் மாணவர் மொழியியல் படிக்கலாம். பல கல்லூரிகளில் இதற்கு இடம் உண்டு. வகுப்பில் இடம் பிடிப்பதைத்தான் பெரிய வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தப் பாடம் பட்டத்தின் கணக்கில் ஏறுமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அங்கிருந்தே தொடங்குவோம்.

1. எந்தக் கணக்கில் ஏறும்?

உங்கள் பட்டப்படிப்பின் விதிமுறைகளை எடுத்து, விருப்பப் பாடங்கள் பற்றிய பகுதியைப் படியுங்கள். வெளித்துறைப் பாடம் பொது விருப்பப் பாடமாகக் கொள்ளப்படலாம். சில வேளை துறைசார் விருப்பப் பாடமாகவே ஏற்கப்படலாம். எதிலும் சேராமல் வெறும் உபரி கிரெடிட்டாக (கிரெடிட் என்பது பாடத்தின் அளவுக்கேற்பத் தரப்படும் புள்ளி) நின்றும் போகலாம். பலரும் கவனிக்கத் தவறுவது உள்ளடக்கம் ஒத்துப்போவதை. உளவியல் துறையின் புள்ளியியலும் பொருளியல் துறையின் புள்ளியியலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கருதி, இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே கிரெடிட் தரும் கல்லூரிகள் உண்டு. ஆலோசகரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். பட்டம் தருமுன் தேவையானதையெல்லாம் முடித்துவிட்டீர்களா என்று பார்க்கும் பட்டமளிப்புத் தணிக்கையின்போது வாய்ச்சொல் உதவாது.

2. எந்த ‘அறிமுகம்’?

பாடத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். ‘இயற்பியல் அறிமுகம்’ என்ற பெயரிலேயே இரண்டு பாடங்கள் இருக்கக்கூடும். ஒன்று அத்துறை மாணவர்களுக்கானது; நுண்கணிதம் தெரியும் என்று வைத்துக்கொண்டு வேகமாகப் போகும். மற்றது பிற துறையினருக்கானது. ஆர்வத்துக்காக ஒரே ஒரு பாடம் படிப்பவருக்கு இரண்டாவது போதும். பின்னால் அத்துறையைத் துணைப் பாடமாக (மைனர்) எடுக்கவோ அத்துறைக்கே மாறவோ எண்ணமிருந்தால் முதலாவதையே எடுங்கள்; இரண்டாவது அடுத்த நிலைப் பாடங்களுக்குக் கதவைத் திறக்காது.

3. பதிவுத் தளம் மறுத்தால்

மறுப்பதற்கு என்ன காரணம் காட்டுகிறது என்று பாருங்கள். ‘துறை மாணவர்களுக்கு மட்டும்’ என்றால் பல இடங்களில் அது தற்காலிகத் தடைதான். அவர்களுடைய பதிவுக்காலம் முடிந்ததும் மிச்ச இடங்களைத் திறந்துவிடுவார்கள். அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இடம் நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள். அதே வகுப்பு வேறொரு துறையின் குறியீட்டிலும் பட்டியலிடப்பட்டிருக்கிறதா என்றும் தேடுங்கள். ஒரு குறியீட்டில் நிரம்பிய வகுப்பில் இன்னொரு குறியீட்டின் கீழ் இடம் காலியாக இருக்கலாம்.

முன்தேவைப் பாடம் படிக்கவில்லை என்பது காரணமானால் பேராசிரியருக்கு எழுத வேண்டும். இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு வணக்கம். நான் உயிரியல் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வரும் செமஸ்டரில் தாங்கள் நடத்தவிருக்கும் நிகழ்தகவுப் பாடத்தில் சேர விரும்புகிறேன். முன்தேவையான நுண்கணிதத்தைக் கல்லூரியில் படிக்கவில்லை. பள்ளி இறுதி வகுப்பில் வகையீடும் தொகையீடும் படித்திருக்கிறேன். மதிப்பெண் சான்றை இணைத்துள்ளேன். மரபியலில் நிகழ்தகவுக் கணக்குகள் தொடர்ந்து வருவதால் இப்பாடம் எனக்குத் தேவைப்படுகிறது. சேர அனுமதி தர இயலுமா?”

கீழே பெயர், மாணவர் எண், பாடக் குறியீடு. அவ்வளவுதான். சிறு வயது முதலே கணிதத்தின் மீது உங்களுக்கு இருந்த காதலைப் பற்றிப் பேராசிரியர் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. தெரியாததை ஒளிக்காமல், தெரிந்ததைச் சான்றோடு சொன்னால் அவர் முடிவெடுப்பது எளிது. அனுமதி கிடைத்தாலும் பதிவு தானாக நடந்துவிடாது; அதைப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பி, உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று பாருங்கள்.

4. நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆறு கிரெடிட் பாடம் 15 வாரம் நடந்தால் வாரத்துக்கு 10 முதல் 12 மணி நேரம் அதற்கே போகும். பிற முறைகளில் மணிக்கணக்கு மாறும். எந்த முறையானாலும் புதிய துறையின் கலைச்சொற்கள் பிடிபடும் வரை முதல் சில வாரங்களுக்குக் கூடுதலாக ஒதுக்குங்கள். ஆய்வகம் உள்ள பாடமானால் அதன் நேரம் உங்கள் துறை வகுப்போடு மோதுகிறதா என்பதை முதலிலேயே பாருங்கள்.

5. மதிப்பெண் முறையும் விலகும் தேதியும்

தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் பதியும் வசதி இருந்தால் சராசரி மதிப்பெண் குறையுமோ என்ற பயமில்லாமல் படிக்கலாம். ஆனால் அப்படிப் படித்ததைத் துணைப் பாடத்துக்கோ மேற்படிப்புச் சேர்க்கைக்கோ ஏற்காத இடங்களும் உண்டு. கிரெடிட் வேண்டாம், கேட்டால் போதும் என்பவர்கள் பார்வையாளராக அமர அனுமதி கேட்கலாம்.

பதிவேட்டில் தடமில்லாமல் விலகுவதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கும். அதற்குள் முதல் பயிற்சித்தாளையாவது செய்து பார்த்துவிடுங்கள். விலகுவதென்றால் மொத்தக் கிரெடிட் எவ்வளவு குறையும் என்று முதலில் பாருங்கள். முழுநேர மாணவர் என்ற தகுதியைப் பொறுத்தே உதவித்தொகையோ விசாவோ இருக்குமானால், மாற்றுப் பாடத்தைச் சேர்த்த பிறகே இதை நீக்குங்கள்.