போலீஸ் சான்றிதழ்: கனடா ஸ்பான்சர் மனுவில் சறுக்கும் இடங்கள்

கணவனையோ மனைவியையோ கனடாவுக்குக் கூப்பிடுகிறவர்களின் ஃபைல்களைச் சரிபார்ப்பது என் வேலை. கல்யாண ஆல்பம், வாட்ஸ்அப் உரையாடல், வங்கிக் கணக்கு எல்லாம் பிரமாதமாக அடுக்கிக்கொண்டு வருவார்கள். குற்றப் பதிவு உண்டா இல்லையா என்று சொல்லும் போலீஸ் சான்றிதழ் பக்கம் வந்தால் மட்டும், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே சொதப்பல்கள். கையெழுத்து விட்டுப்போவது, மங்கலான ஸ்கேன் போன்ற சில்லறைச் சமாச்சாரங்களை இங்கே பேசப் போவதில்லை. பணமும் வருடங்களும் போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பொதுவான விதி இதுதான். கடந்த 10 வருடங்களில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்று வேண்டும். மனுதாரருக்கும், 18 வயது நிரம்பிய அவர் குடும்பத்தினருக்கும் இது பொருந்தும். 18 ஆவதற்கு முன் இருந்த காலத்துக்கு வேண்டாம். கனடாவில் இருந்த காலத்துக்கும் வேண்டாம். இதில் எதை மனுவோடு வைப்பது, எதைப் பிறகு கேட்பார்கள் என்பதற்கு அன்றைய தேதியில் உள்ள செக்லிஸ்ட்டைப் பாருங்கள். போன வருடம் போட்ட சிநேகிதியின் செக்லிஸ்ட்டை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

உள்ளூர் ஸ்டேஷன் காகிதம்

இந்தியாவில் இருக்கும் இந்தியர்களிடம் கனடா எதிர்பார்ப்பது பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பிசிசி, அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ். பாஸ்போர்ட் சேவா தளத்தில் பதிந்து, 500 ரூபாய் கட்டி, நாள் வாங்கிப் போக வேண்டும். 2022 செப்டம்பர் கடைசியிலிருந்து தபால் நிலையத்தில் இயங்கும் பாஸ்போர்ட் மையங்களிலும் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் ‘போலீஸ் சரிபார்ப்பு’ என்று வேறொரு சேவை இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்க, வீடு வாடகைக்கு விட என்று உள்ளூர்த் தேவைகளுக்கு ஆனது அது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, க்யூஆர் கோடெல்லாம் போட்ட அந்தக் காகிதத்தை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. இலங்கைக்காரர்கள் என்றால் கொழும்பு பொலிஸ் தலைமையகம் தருகிற சான்று; ஊர் ஸ்டேஷன் கடிதமோ கிராம சேவகர் கடிதமோ அதற்கு ஈடாகாது.

இன்னொன்று, பிசிசியில் எந்த நாட்டுக்காகக் கொடுத்தது என்று எழுதியிருக்கும். ஆஸ்திரேலியாவுக்கு வாங்கியதை இங்கே நீட்டாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒரு முகவரி, குடியிருப்பது வேறு முகவரி என்றால் விசாரணை ஸ்டேஷனுக்குப் போகும். அவர்கள் வந்து பார்க்கும்போது வீடு பூட்டியிருந்தால் ரிப்போர்ட் பாதகமாகப் போய்விடலாம். விண்ணப்பித்த கையோடு மாமியார் வீட்டுக்கோ கோயில் பயணத்துக்கோ கிளம்பிவிடாமல் இருப்பது நல்லது.

அமெரிக்க மச்சான் சொன்ன விதி

அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கு 16 வயதிலிருந்து கணக்கு. முன்பு இருந்த வேற்று நாடு என்றால் 12 மாதம் இருந்திருந்தால்தான் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவுக்கோ 10 வருடத்தில் மொத்தமாகக் கூட்டி 12 மாதம். மச்சான் சொன்னது அவர் ஊருக்குச் சரிதான். அதை நம்பி எட்டு மாதம் இருந்த ஓமனை விட்டுவிடுவது கனடா மனுவில் ஓட்டை.

மலேசியா

போலீஸிடம் போகாதீர்கள். நன்னடத்தைச் சான்று தருவது புத்ராஜெயாவில் உள்ள வெளியுறவு அமைச்சு.

யூகே

வேலைக்கு ஆள் எடுக்கும்போது பார்க்கும் டிபிஎஸ் சான்று வேண்டாம். அக்ரோ என்ற போலீஸ் பதிவு அலுவலகம் தருவதுதான் வேண்டும்.

கஷ்டமான நாட்டையே மறைத்துவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏனென்றால் இதைச் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மறைக்க எதுவுமே இல்லை.

நடப்பது இப்படி. மாப்பிள்ளை சவுதியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். இகாமா என்கிற அங்கத்திய வசிப்பு அட்டை முடிந்துவிட்டது, கம்பெனியோடு தொடர்பு இல்லை. சவுதியை விட்டு வந்தபின் அங்கிருந்து சான்று வாங்குவது சுலபமில்லை. விரல்ரேகை எடுத்து, சவுதித் தூதரகம் வரை சான்றொப்பம் வாங்கி, அங்கே இருக்கும் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து, அவர் அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டும். இதைக் கேட்டதும் ஊரில் ஃபாரம் நிரப்புகிற ஆள் ஒரு யோசனை சொல்வார்: “புது பாஸ்போர்ட்டில் சவுதி முத்திரையே இல்லையே, எதற்கு வம்பு? அந்த வருடங்களுக்கு ஊரில் விவசாயம் என்று போட்டுவிடுவோம்.” மனுவோடு அந்தச் சான்றைக் கேட்கவும் இல்லை என்றால் யோசனை இன்னும் இனிக்கும்.

நான் கிட்டே இருந்து பார்த்த ஒரு ஃபைல் இப்படித்தான் போனது. பெண் கனடாவில், டொரொன்டோவின் ஸ்கார்பரோவில், மாப்பிள்ளை திருவாரூர்ப் பக்கம். படிவத்தில் அவர் வேலை பார்த்த சவுதி நகரமான தமாம் இல்லை, விவசாயம் இருந்தது. ஆனால் உறவு உண்மை என்று காட்ட அவர்களே அடுக்கிய உரையாடல் பிரிண்டில் மாப்பிள்ளையின் எண் சவுதியின் குறியீடான 966-இல் தொடங்கியது. “டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்துட்டேன், இங்க ஒரே மணல் காத்து” என்று நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய மாதம் அவர் எழுதியது பக்கம் முழுக்க இருக்கிறது. போதாததற்கு, பல வருடம் முன்பு கனடாவுக்கு விசிட்டர் விசா கேட்டு நிராகரிக்கப்பட்டிருந்தார். அந்த மனுவில் தமாம் வேலையும் சம்பளமும் அவர் கையாலேயே எழுதியது. பழைய மனுக்கள் குடிவரவுத் துறையின் கணினியில் அப்படியே இருக்கும். பாஸ்போர்ட் மாறினால் அதுவும் மறைந்துவிடும் என்று எப்படித்தான் நம்புகிறார்களோ!

அதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தண்டனை எதையும் மறைக்கவில்லை, சான்று வாங்க முடியாததால் விட்டுவிட்டோம் என்று பதில் எழுதினார்கள். அது உண்மைதான். ஆனால் சட்டம் பார்ப்பது குற்றம் இருந்ததா என்பதை மட்டும் இல்லை. குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவில், முடிவைப் பாதிக்கக்கூடிய தகவலை மறைப்பதே தவறான தகவல் தந்ததாகும். தடை 5 வருடம். 2014 நவம்பருக்கு முன் 2 வருடமாக இருந்ததை ஏற்றியிருக்கிறார்கள். அந்தத் தடைக் காலத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு (பிஆர்) மனுவே போட முடியாது. வாழ்க்கைத் துணை என்பதால் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகிற வழி மட்டும் திறந்திருக்கும். அந்தப் பெண் அங்கேதான் போனார். வக்கீல் செலவு, காத்திருப்பு, இரண்டு குடும்பத்துக்கும் நடுவே “யார் சொல்லிச் செய்தது” என்ற சண்டை எல்லாம் வந்தது. யோசனை சொன்ன ஆள் போனை எடுப்பதில்லை.

சரி, சான்று கிடைக்கவே இல்லை என்றால் என்ன செய்வது? நாட்டை எழுதுங்கள், தேதியோடு எழுதுங்கள். முயற்சி செய்ததற்கு ஆதாரம் சேருங்கள்: தூதரகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல், வந்த பதில், கூரியர் ரசீது, கட்டணம் கட்டிய சீட்டு. தர முடியாது என்று அந்த நாட்டு அலுவலகமே எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. இவற்றை வைத்து ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம் எழுதி, சான்று வைக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். அதிகாரி ஏற்றுக்கொள்ளலாம், இன்னும் முயற்சி செய் என்றும் சொல்லலாம். இரண்டிலும் மனு உயிரோடு இருக்கும்.

வளைகுடாவை விட்டுக் கிளம்பும்போது வெறுங்கையோடு வருவது

இகாமா அல்லது எமிரேட்ஸ் ஐடி இரண்டு பக்கமும் நகல், விசா பக்கம், வேலை ஒப்பந்தம், கம்பெனியின் அனுபவக் கடிதம். இவ்வளவையும் படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். பிறகு எந்த அலுவலகமும் முதலில் கேட்பது அந்தப் பழைய அட்டை எண்ணைத்தான்.

கிளம்புகிற வாரத்திலேயே சான்று வாங்கிவந்தவர்கள் உண்டு. முன்பு இருந்த நாட்டின் சான்று, அங்கே கடைசியாக வசித்து முடிந்த பிறகு கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் அதை மட்டும் வைத்தால் கேள்வி வரலாம். அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதிதாக வாங்க வழியில்லை என்று எழுதும் விளக்கக் கடிதத்துக்கு அதைவிட நல்ல இணைப்பு கிடையாது.

தேதியைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது

6 மாதக் கெடு, இப்போது இருக்கும் நாட்டின் சான்றுக்குத்தான். மனு போடும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் அது வாங்கியதாக இருக்க வேண்டும். முன்பு இருந்து விட்டுவந்த நாட்டின் சான்று, திரும்பவும் அங்கே போய் வசிக்காதவரை பழசாவதில்லை. ஆனால் பலரும் அரும்பாடுபட்டு வாங்கிய கத்தார் சான்று பழசாகிவிட்டதென்று மறுபடி செலவழிக்கிறார்கள். ஊர் பிசிசியைக் கல்யாணப் பதிவுக்கு முன்பே வாங்கிவிட்டு, மனு போடும்போது காலாவதியாக விடுகிறார்கள். ஊர் பிசிசியைக் கடைசியில் வாங்குங்கள்.

சிங்கப்பூர்

கேட்கும் நாட்டின் கடிதம் இல்லாமல் வெளிநாட்டவருக்குத் தர மாட்டார்கள். கடிதம் வரும்வரை அந்த இடத்தில் அதைச் சொல்லி ஒரு குறிப்பு வையுங்கள்.

அரபுச் சான்றும் நம் பெயரும்

மனுதாரரோ குடும்பத்தாரோ மொழிபெயர்த்தால் செல்லாது. எவ்வளவு அரபு தெரிந்த மாமாவாக இருந்தாலும் சரி, சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் போவதே பாதுகாப்பு. அரபியில் ‘ப’ ஒலிக்குத் தனி எழுத்து இல்லாததால் பாண்டியன் ஆங்கிலத்துக்குத் திரும்பி வரும்போது ‘P’ எழுத்தில் தொடங்காமல் ‘B’ எழுத்தில் நிற்பார். மொழிபெயர்ப்பு வேலையைக் கொடுக்கும்போதே பாஸ்போர்ட் நகலையும் கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

கெடுவைத் தாண்டவிடுவது

சான்று கேட்டு குடிவரவுத் துறை அனுப்பும் கடிதத்தில் கொடுத்த நாளுக்குள் அது வராது என்று தெரிந்தால், நாள் முடியும் முன்பே அத்துறையின் வெப்ஃபார்மில் (இணையப் படிவத்தில்) அவகாசம் கேளுங்கள். விண்ணப்பித்த ரசீதை இணைக்க மறக்காதீர்கள்.