‘இருக்கேன்’ என்று ஒரு மெசேஜ்: என் அனுபவம்

கல்யாணமாகி ஏழாவது மாதம். நான் களியக்காவிளையில், அவர் கத்தாரில், தோஹாவில். 2025 ஜூன் 23 இரவு, அங்கே அமெரிக்கப் படை இருக்கும் அல் உதெய்த் விமானத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை வீசியதாக டிவியில் ஓடியதும் நான் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், லைன் கிடைக்கவில்லை. அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு அடிப்பிடித்தது கூட மாமி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. நள்ளிரவுக்கு மேல்தான் அவர் குரல் கேட்டது.

மறுநாளே சண்டை நிறுத்தம் என்றார்கள். எனக்குப் பயம் நிற்கவில்லை. எடுக்க ஐந்து நிமிடம் தாமதமானாலும் அழுகை, அப்புறம் வாக்குவாதம், பாவம், அவரும் தூங்காத மனுஷன்.

பிறகு உட்கார்ந்து பேசி ஒன்று வைத்துக்கொண்டோம். வேலைக்கு இறங்கும்போதும் அறைக்குத் திரும்பியதும் ‘இருக்கேன்’ என்று சாதாரண எஸ்எம்எஸ், நெட் இல்லாவிட்டாலும் அது வரும். ஒரு மணி நேரம் தாண்டினால் மட்டும் அறைத்தோழருக்குப் போன் செய்வேன். அவருடைய பாஸ்போர்ட் நகல், தோஹா இந்தியத் தூதரக எண் இரண்டும் காலண்டருக்குப் பின்னால் இருக்கின்றன. டிவியில் செய்தி பார்ப்பது ராத்திரி ஒரு தடவைதான்.

அங்கே காலை ஆறு, இங்கே எட்டரை. போன் சிணுங்கினால் அடுக்களையிலிருந்து மாமி கேட்பார்: “வந்துட்டா மக்ளே?”