தயாரிப்பாளரின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 2010 முதல் ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது டர்பன் ஃபிலிம்மார்ட். ஆப்பிரிக்காவில் படம் எடுப்பவர்களும் பணம் வைத்திருப்பவர்களும் மேஜை போட்டுப் பேசும் சந்தை. போன முறை பக்கத்து மேஜையில் ஓர் இளம் ஆலோசகர், எதிரே உகாண்டாவிலிருந்து வந்த தயாரிப்பாளரிடம் சொன்னார்: "துண்டு விழுகிற தொகைக்கு உங்கள் சம்பளத்தையே முதலீடாகக் காட்டிவிடுங்கள். நிதித் திட்டம் நூறு சதவீதம் நிறைந்துவிடும்."

குடித்த டீ தொண்டையில் நின்றது. அதே வாக்கியத்தை அதே தோரணையில் நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் படம் எடுப்பவன் இல்லை, கணக்குப் பிள்ளை. இரண்டு மூன்று படம் முடித்துவிட்டு அடுத்ததில் தடுமாறுகிறவர்களின் கம்பெனியை ஆலோசனையும் பயிற்சியும் தந்து நிமிர்த்துவது என் பிழைப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நாம் வழக்கமாகச் செய்யும் தப்புகளை வரிசையாக எழுதுகிறேன். ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மூன்று படம் எடுத்தவருக்குக் கதை சொல்லக் கற்றுத் தருவது

வேண்டாம். உங்களைவிட நன்றாகச் சொல்வார்.

சம்பளத்தை முதலீடாக எழுதுவது

நைரோபியில் ஒரு தயாரிப்பாளர். மூன்றாவது படம், பட்ஜெட் 4 லட்சம் யூரோ. பிரெஞ்சுக் கூட்டாளி ஒருவர், ஐரோப்பிய மானியம் ஒன்று, உள்ளூர் முதலீட்டாளர் ஒருவரின் 30,000 யூரோ எல்லாம் சேர்ந்தும் 36,000 யூரோ துண்டு விழுந்தது. மானியத்துக்கான கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. பட்ஜெட்டை மேலும் கீழும் பார்த்தேன். தயாரிப்பாளர் சம்பளம் 20,000, அவருடைய அலுவலகச் செலவு 16,000. கூட்டினால் சரியாக 36,000. எக்செல்லில் அந்த இரண்டு கட்டத்துக்கும் மஞ்சள் நிறம் அடித்து, "இதை ஒத்திவைத்துவிடுவோம், படம் விற்றதும் எடுத்துக்கொள்ளலாம்" என்றேன். அவரும் சரி என்றார். அன்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

படம் நன்றாகவே வந்தது, விழாக்களுக்குப் போனது, இரண்டு வருடத்தில் 60,000 யூரோவுக்கு விற்றது. விற்பனை முகவரின் கமிஷன் 25 சதவீதம், அதில் 15,000 போனது. போஸ்டர், சந்தைப் பயணம், சப்டைட்டில் என்று அவர் காட்டிய செலவு 28,000. மீதி 17,000. பணம் பிரிக்கும் வரிசையில் அடுத்து நின்றவர் உள்ளூர் முதலீட்டாளர். போட்ட பணமும் அதற்கு மேல் 20 சதவீதமும் வரும்வரை வேறு யாருக்கும் ஒரு காசு கிடையாது என்று ஒப்பந்தம். 17,000 மொத்தமும் அவருக்கு. தயாரிப்பாளருக்குப் பூஜ்யம்.

நாலு வருட உழைப்புக்குக் கூலி வரவில்லை என்பதோடு இது முடியவில்லை. அலுவலகச் செலவு என்று பட்ஜெட்டில் எழுதுவது காகிதம் வாங்கும் பணம் என்று நினைத்திருந்தேன். அடுத்த படத்தின் விதைநெல்லே அதுதான். ஒரு நாவலின் உரிமையை அவர் வருடா வருடம் புதுப்பித்து வைத்திருந்தார். புதுப்பிக்க வேண்டியது 1,500 டாலர், அது கையில் இல்லை. உரிமை வேறொருவருக்குப் போனது. வாடகை அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு, அவர் ஒன்றரை வருடம் சோப்பு விளம்பரங்களுக்கு வேலை பார்த்தார். விதைநெல்லைக் குத்திப் பொங்கல் வைத்தவன் நான்.

இன்னும் எரிச்சலூட்டுவது வேறொன்று. பிரெஞ்சுக் கூட்டாளி தன் சம்பளத்தில் எவ்வளவு ஒத்திவைத்தார் என்று நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. ஒரு யூரோ கூட இல்லை என்பது கடைசிக் கணக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அவர் தப்பு செய்யவில்லை, அவருடைய கணக்கர் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறார்.

இப்போது எப்படிச் செய்கிறேன்? துண்டு விழுந்தால் முதலில் படப்பிடிப்பு நாட்களைக் குறைக்க முடியுமா என்று பார்க்கிறேன். சம்பளத்தில் கை வைத்தே ஆக வேண்டுமென்றால் பாதிக்கு மேல் இல்லை. கூட்டாளியும் அதே விகிதத்தில் ஒத்திவைக்க வேண்டும். வரவு வந்தால் முதலீட்டாளருக்குப் பின்னால் நிற்காமல் அவரோடு சேர்ந்தே தயாரிப்பாளருக்கும் பங்கு பிரிய வேண்டும். அலுவலகச் செலவைத் தொடுவதே இல்லை. கதை உரிமைக்கும் திரைக்கதைக்கும் முன்பே செலவழித்த பணம் படப்பிடிப்பின் முதல் நாளே திரும்பி வந்துவிட வேண்டும் என்று எழுதி வாங்குகிறேன். இதற்கெல்லாம் சம்மதிக்காத படம் ஆறு மாதம் தள்ளிப் போனால் போகட்டும்.

நமக்குள் ஒரு விஷயம். படம் எடுக்கப்பட்டுவிட்டால் நம்முடைய பயிற்சித் திட்டம் வெற்றி என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். கம்பெனி பிழைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் அந்த மஞ்சள் கட்டம் நம் கைக்கு அவ்வளவு எளிதாக வருகிறது.

வராத பணத்தை வந்ததாக எழுதுவது

தென்னாப்பிரிக்க அரசு படச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. செலவழித்து, கணக்குத் தணிக்கை முடித்து, அப்புறம்தான் வரும். தாமதத்தை எதிர்த்து 2025 ஜனவரியில் திரைத்துறையினர் கேப் டவுனில் ஊர்வலமே போனார்கள். அதுவரைக்கும் கடன் வாங்கினால் வட்டி எவ்வளவு என்ற வரியும் பட்ஜெட்டில் இருக்க வேண்டும்.

"கடைசியில் ஸ்ட்ரீமிங்காரன் வாங்கிக்கொள்வான்"

2024 ஜனவரியில் ஆப்பிரிக்கத் தயாரிப்புகளுக்குப் பணம் போடுவதை அமேசான் நிறுத்தியது.

ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே ஊராக நினைப்பது

செனகலின் நாணயமான சிஎஃப்ஏ ஃபிராங்க் யூரோவோடு கட்டப்பட்டது. ஒரு யூரோவுக்கு 655.957, என்றைக்கும் அதே விலை. டக்கார் தயாரிப்பாளருக்கு ஐரோப்பிய மானியம் என்றால் நாணயக் கவலை அநேகமாகக் கிடையாது. லாகோஸில் கதை வேறு. நைஜீரிய அரசு 2023 ஜூனில் தன் நாணயமான நைராவின் மீதிருந்த பிடியைத் தளர்த்தியது. அதற்கு முன் டாலருக்கு 470 நைரா வாக்கில் இருந்தது, அடுத்த ஆண்டு 1,500-ஐத் தாண்டியது. நைராவில் விலை பேசி, கேமரா வாடகையை டாலரில் ஒப்புக்கொண்டவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். டக்காருக்குத் தயாரித்த பாடக் குறிப்பை லாகோஸுக்குக் கொண்டுபோய் ஒருமுறை நான் அசடு வழிந்திருக்கிறேன்.

மூன்று நாள் பட்டறை

நான்காவது நாள் போன் செய்தால் எடுப்பீர்களா?

முடிவில் சான்றிதழ் கொடுப்பது

மூன்று படம் முடித்த பெண்மணி அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, பேச்சுவாக்கில் டீ கோப்பைக்கு அடியில் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.